ஈ5 சிப்பாய் ஓசியில கிடைக்குதா, முதல் இத வாசிச்சுட்டு எடுங்கோ

பின்னேரம் திருகோணமலை டச் பே மணல்ல சுருட்டுற செஸ் போர்ட்ட விரிச்சு வச்சு விளையாடுற எங்கட கோஷ்டியில பத்து மூவுக்குள்ள தோத்துட்டு "காத்து காயத் தட்டிட்டு" எண்டு கச்சான் காத்துல பழியப் போடாத ஆள் ஒருத்தரும் இல்ல, நானும் போட்டிருக்கன். காத்துல ஒரு பிழையும் இல்ல. முக்காவாசிப் பேர் கவிழுறது ஒரே இடத்துலதான், ஈ5 கட்டத்துல (எழுத்து நிரலச் சொல்லும், இலக்கம் வரிசையச் சொல்லும்) ஒரு சிப்பாய் காவல் இல்லாம நிக்கிற மாதிரி தெரியும், கை அரிக்கும், எடுப்பம், சரி.

2024 டிசம்பர்ல இந்தியாவின்ட குகேஷ் செஸ் உலக சாம்பியனா வந்த பிறகு எங்கட ஒழுங்கையில சின்னதுகள் கன பேர் போர்ட்டோட திரியுதுகள், வந்து முதல் கேக்கிறதே "அண்ணா நாலு மூவ்ல மேட் அடிக்கிறது எப்பிடி" எண்டுதான். அடிக்கிறத விட அடி வாங்காம இருக்கிறத முதல் பாப்பம். பக்கத்துல போர்ட்ட வச்சு காய நகத்தி நகத்தி வாசியுங்கோ, சும்மா கண்ணால வாசிச்சா மண்டையில நிக்காது.

அந்த நாலு மூவ் மேட்ட (மேட் எண்டா ராஜா தப்ப வழியில்லாத செக்) கெதியா முடிச்சிடுவம். ஈ4, ஈ5 (வெள்ளை, கருப்பு எண்டு மாறி மாறி வரும், காய்ப் பேர் இல்லாட்டி அது சிப்பாய்), உடன வெள்ளை ராணி எச்5க்கு வரும். கருப்பு வச்சிருக்கிற நீங்க பயந்து ஜி6 தள்ளினீங்களெண்டா ராணி ஈ5 சிப்பாய எடுத்து செக், மற்றப் பக்கம் எச்8 ரூக்கும் போச்சு. அதால முதல் குதிரை சி6, ஈ5க்கு காவல். அவன் பிஷப்ப சி4ல வைப்பான், ராஜா மட்டும் காவல் காக்கிற எப்7 சிப்பாய்தான் குறி, இப்பதான் ஜி6 தள்ளுற நேரம். ராணி எப்3க்குப் போய் திரும்பவும் எப்7அ பாக்கும், குதிரைய எப்6ல வையுங்கோ, அவ்வளவுதான். இனி அவன்ட ராணி குதிரைக்கு உரிய இடத்துல குந்திக்கொண்டு நிக்கும், நீங்க வடிவா காய இறக்கலாம்.

இனி என்ட விருப்பமான பொறி. ஈ4 ஈ5, குதிரை எப்3, குதிரை சி6, பிஷப் சி4, இதுவரைக்கும் இத்தாலியன் எண்ட சாதாரண தொடக்கம். இப்ப கருப்பு குதிரைய டி4ல கொண்டு போய் வைக்கும். பாக்க மடத்தனமா இருக்கும், ஈ5 காவல விட்டுட்டு ஓடிட்டுதே எண்டு. வெள்ளை குதிரையால ஈ5அ எடுப்பான், எப்7லயும் அடி விழப்போகுதெண்டு அவனுக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோசம். கருப்பு ராணி ஜி5. இது ஈ5 குதிரையயும் ஜி2 சிப்பாயயும் ஒண்டா பாக்குது. அவன் ஆசையில எப்7 எடுப்பான், ராணி ஜி2 எடுக்கும், ரூக்க காப்பாத்த எப்1க்கு போவான், ராணி ஈ4 எடுத்து செக், பிஷப்ப ஈ2ல மறைப்பான், குதிரை எப்3 மேட். கடைசி நிலைய ஒருக்கா நல்லாப் பாருங்கோ, ஈ2 பிஷப்புக்கு எப்3 குதிரைய எடுக்க ஏலாது, எடுத்தா ஈ4ல நிக்கிற ராணி நேரா ராஜாவ அடிக்கும். ராஜாவ சுத்தி எல்லாம் அவன்ட காய்தான், நகர ஒரு கட்டம் கூட இல்ல.

இதுக்கு ஷில்லிங் பொறி எண்டு பேர். பிளாக்பர்ன் எண்டு 1841ல பிறந்த இங்கிலாந்து ஆள், கஃபேக்கு வாறவையள இப்பிடி விழுத்தி ஆளுக்கொரு ஷில்லிங் (பழைய இங்கிலாந்துக் காசு) எடுப்பாராம், கதை அப்பிடித்தான். எங்கட பந்தயம் ஒரு பை கச்சான் (காத்து இல்ல, வறுத்த கச்சான் கடலை). ஒருக்கா நான் வெண்ட பைய மான் ஒண்டு வந்து கடதாசியோட சேத்து மெண்டுட்டுப் போயிட்டு, ட்ரிங்கோ மானைப் பற்றி தெரிஞ்சவையளுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

ஆனா உண்மையச் சொன்னா இது ஒரு கூடாத மூவ். குதிரை டி4க்கு வந்தா வெள்ளை ஈ5அத் தொடவே வேணாம், டி4 குதிரைய தன்ட குதிரையால எடுத்துட்டு காஸ்லிங் (ராஜாவையும் ரூக்கையும் ஒரே மூவ்ல நகத்தி ராஜாவ ஓரத்துக்கு ஒதுக்கிறது) பண்ணினா கருப்புக்கு ஒரு காயும் வெளிய இல்ல, வெள்ளைக்கு நல்ல நிலை. விசயம் தெரிஞ்ச ஆளோட இத விளையாடாதீங்கோ. தெரியாம ஈ5அ எடுத்துத் துலைச்சிட்டீங்களெண்டா, ராணி ஜி5 வந்தவுடன எப்7அ குதிரையால எடுக்காம பிஷப்பால எடுத்து செக் குடுத்துட்டு காஸ்லிங் பண்ணுங்கோ. காய் ஒண்டு போகும், ஆனா ரெண்டு சிப்பாய் கையில, அவன்ட ராஜாவும் நடுவில தவிக்கும், ஆட்டம் இருக்கு.

அடுத்தது லெகால் மேட், லெகால் 18ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல விளையாடினவர், அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர் பிலிடோருக்கே செஸ் பழக்கினவர். ஈ4 ஈ5, குதிரை எப்3, டி6, பிஷப் சி4, பிஷப் ஜி4, குதிரை சி3, ஜி6. இப்ப வெள்ளை ராணியக் கவனிக்காம குதிரையால ஈ5அ எடுக்கும். கருப்பு ராணிய எடுத்தா, பிஷப் எப்7 செக், ராஜா ஈ7, மற்ற குதிரை டி5 மேட். ராணிய எடுக்காம டி6 சிப்பாயால ஈ5 குதிரைய எடுத்தா, வெள்ளை ஜி4 பிஷப்ப எடுத்து ஒரு சிப்பாய் லாபத்தோட போகும், அது பரவாயில்ல, மேட் இல்லையே.

இத யூடியூப்ல பாத்துட்டு அடுத்த நாளே பள்ளிக்கூடப் போட்டியில போட்டன் நான். எதிர்ல ஒன்பது வயசுப் பிள்ளை, நான் ராணிய விட்டுட்டு ஸ்டைலா கையக் கட்டிக்கொண்டு இருக்கிறன், அவ ராணியத் திரும்பியும் பாக்கேல்ல, சி6 குதிரையால என்ட ஈ5 குதிரைய எடுத்தா. அந்தக் குதிரை அங்க நிண்டு ஜி4 பிஷப்புக்கும் காவல் குடுத்திச்சு. ஒரு காய் முழுசாப் போச்சு. சி6ல குதிரை நிண்டா இந்த வேலை சரிவராது எண்டு வீடியோவில சொன்னானோ, நான்தான் தள்ளித் தள்ளிப் பாத்தனோ.

அடுத்த பொறி ஃபிரைட் லிவர், அதான் ஈரல் பொரியல், அதிகம் கதைக்க ஒண்டும் இல்ல. இத்தாலியன்ல கருப்பு குதிரை எப்6, வெள்ளை குதிரை ஜி5, டி5, வெள்ளை சிப்பாய் டி5 எடுக்கும். இதில குதிரையால டி5அத் திருப்பி எடுக்காதீங்கோ, எடுத்தா அவன் எப்7ல குதிரையக் குடுத்து உங்கட ராஜாவ ஈ6 வரைக்கும் வெயில்ல இழுத்துக்கொண்டு வருவான். சி6 குதிரைய ஏ5ல வச்சு பிஷப்ப விரட்டுங்கோ, சிப்பாய் ஒண்டு போனா போகட்டும்.

கடைசியா பெட்ராஃப் எண்ட தொடக்கம். ஈ4 ஈ5, குதிரை எப்3, குதிரை எப்6, வெள்ளை ஈ5அ எடுக்கும், உடன நீங்களும் பழிக்குப் பழியா ஈ4அ எடுப்பீங்க. ராணி ஈ2. குதிரைக்கு அடி எண்டு பதறி எப்6க்குத் திரும்பி ஓடினா, ஈ5 குதிரை சி6க்குப் போகும், பின்னுக்கு நிண்ட ராணியால ராஜாவுக்கு செக், சி6 குதிரையால உங்கட ராணிக்கு அடி. ராணி போச்சு. அதால ஈ4அ உடன எடுக்காதீங்கோ, முதல் டி6 தள்ளி அவன்ட குதிரைய எழுப்புங்கோ, அது எப்3க்குப் போன பிறகு ஈ4 சிப்பாய் அங்கதான் நிக்கும், ஆறுதலா எடுக்கலாம்.