டைனஸ்டி லீகில் ரூக்கி பிக்குக்கு விலை போடுவது எப்படி?

அமெரிக்க ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.-இன் நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டி, அவர்கள் ஆட்டத்துக்கேற்பப் புள்ளி பெறுவது ஃபேண்டசி ஃபுட்பால்; அதே வீரர்களை வருடக்கணக்கில் வைத்துக்கொள்வது டைனஸ்டி. இதற்குப் புதிதாக வருபவர்களை முதலில் தடுமாற வைப்பது ரூக்கி பிக்தான், அதாவது அந்த வருடப் புதுமுக வீரர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முறை. வீரர் என்றால் பேர் இருக்கிறது, வயது இருக்கிறது, போன சீசனில் பந்தோடு முன்னேறிய யார்டு கணக்கு இருக்கிறது. பிக்கில் என்ன இருக்கிறது? "அடுத்த வருட முதல் ரவுண்டு" என்று நாலு வார்த்தை. அதற்கும் விலை போடலாம். ஒரு பேப்பரும் பேனாவும் போதும்.

முதல் படி: உங்கள் லீகின் விதிகளைப் படியுங்கள்

12 பேர் ஆடும் லீக் என்று வைத்துக்கொள்வோம். 1.01 என்றால் முதல் ரவுண்டின் முதல் பிக், 2.05 என்றால் இரண்டாம் ரவுண்டில் ஐந்தாவது. லீக் சூப்பர்ஃப்ளெக்ஸா, ஒற்றைக் குவார்ட்டர்பேக்கா (குவார்ட்டர்பேக் என்றால் பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) என்று பாருங்கள். நிஜ அணிகள் புதுமுகங்களை வரிசையாக எடுக்கும் என்.எஃப்.எல். டிராஃப்டில், 2024-ல் முதலில் போன மூவருமே குவார்ட்டர்பேக்குகள்: கேலப் வில்லியம்ஸ், ஜேடன் டேனியல்ஸ், டிரேக் மே. இரண்டு குவார்ட்டர்பேக்குகளை இறக்க முடிகிற சூப்பர்ஃப்ளெக்ஸில் அப்படிப்பட்ட வருடத்தின் முதல் ரவுண்டுக்கே மவுசு கூடிவிடும். ஒற்றைக் குவார்ட்டர்பேக் லீகில் அவர்களுக்கு முன்னால் மார்வின் ஹாரிசன் ஜூனியர், மலிக் நேபர்ஸ் போன்ற ரிசீவர்கள் (வீசும் பந்தைப் பிடிப்பவர்கள்) நிற்பார்கள்.

இரண்டாம் படி: ஓர் அளவுகோல் வையுங்கள்

நான் கைக்கணக்காக வைத்திருப்பது இது. 1.01 முதல் 1.04 வரை 100 புள்ளி, 1.05 முதல் 1.08 வரை 65, 1.09 முதல் 1.12 வரை 45. இரண்டாம் ரவுண்டு 25, மூன்றாம் ரவுண்டு 8. கீப்டிரேட்கட், ஃபேண்டசிகால்க் போன்ற தளங்களில் சந்தை விலையைப் பார்த்து, உங்கள் லீகுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மூன்று இரண்டாம் ரவுண்டு பிக் சேர்ந்தால் 75 வருகிறது, 65-ஐ விட அதிகம்தானே என்று நடு முதல் ரவுண்டைக் கொடுத்துவிடாதீர்கள். பெஞ்சில் இடம் கொஞ்சம்தான். மூன்று சுமாரான பையன்களை உட்கார வைக்க நல்ல ஆளை வெட்ட வேண்டிவரும்.

ஆரம்ப பிக்கும் உத்தரவாதம் கிடையாது. 2020 என்.எஃப்.எல். டிராஃப்டில் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலெயரை சீஃப்ஸ் அணி 32-வதாக எடுத்தது. நட்சத்திரக் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் ஆடும் அணியின் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) ஆயிற்றே! ஒற்றைக் குவார்ட்டர்பேக் லீகுகள் பலவற்றில் அவர்தான் 1.01. அவருக்குப் பின்னால் 41-வதாகப் போன ஜோனதன் டெய்லர் 2021-ல் 1,811 யார்டு ஓடி என்.எஃப்.எல்.-இலேயே முதலிடம் பிடித்தார். வைக்கிங்ஸ் அணி 22-வதாக எடுத்த ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சன் முதல் சீசனிலேயே 1,400 யார்டு எடுத்தார். அதனால்தான் 1.01-க்கும் 1.04-க்கும் நான் ஒரே விலை போடுகிறேன். 1.04-உடன் ஒரு நல்ல ரிசீவரும் வந்தால், பெரும்பாலான வருடங்களில் 1.01-ஐக் கொடுத்துவிடுவேன். 2023 அப்படியில்லை, அன்று ரன்னிங் பேக் பிஜான் ராபின்சனை யாரும் எளிதில் விட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாம் படி: மாதத்தைப் பாருங்கள்

ஒரே பிக்குக்கு அக்டோபரில் ஒரு விலை, ஏப்ரலில் ஒரு விலை. சீசன் நடக்கும்போது எல்லோருக்கும் இந்த ஞாயிறு ஜெயிக்க வேண்டும். பிக் மலிவாகக் கிடைக்கும். என்.எஃப்.எல். டிராஃப்ட் ஏப்ரல் கடைசியில் முடிந்ததும் பிக்குக்குப் பின்னால் ஒரு முகம் தெரிய ஆரம்பிக்கும், விலை ஏறும். உங்கள் முறை வந்து கடிகாரம் ஓடும்போதுதான் உச்சம். சீசனில் வாங்குங்கள், மே மாதத்தில் விற்பதைப் பற்றி யோசியுங்கள். இன்னும் ஒரு வருடம் தள்ளியுள்ள பிக் என்றால் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வேன்.

நான்காம் படி: யாருடைய பிக்?

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அக்டோபர் மாதம். உங்கள் 28 வயது ரன்னிங் பேக்கைக் கேட்டு, கோப்பைக்குப் போட்டியிடும் ஒருவர் "முதல் ரவுண்டு பிக் தருகிறேன்" என்கிறார். அவர் கையில் இரண்டு முதல் ரவுண்டு இருக்கிறது: ஒன்று அவருடையது, இன்னொன்று ஆறில் ஒன்று மட்டும் ஜெயித்த அணியுடையது.

பொதுவாகத் தோற்கும் அணிக்குத்தான் முன்னால் பிக் கிடைக்கும். அதனால் அந்த அணியின் பிக் ஆரம்பத்தில் விழ 60 சதவீதம், நடுவில் 30, கடைசியில் 10 என்று ஊகியுங்கள். இவற்றை இரண்டாம் படியின் 100, 65, 45 புள்ளிகளோடு பெருக்கிக் கூட்டுங்கள். 60 + 19.5 + 4.5, ஆக 84. அவருடைய சொந்த பிக்குக்கு இதைத் தலைகீழாகப் போடுங்கள்: 10 + 19.5 + 27, ஆக 56.5. இரண்டுக்கும் இடையே 27.5 புள்ளி, அதாவது ஒரு இரண்டாம் ரவுண்டு பிக்கை விட அதிகம்.

சில லீகுகளில் வெற்றி தோல்வியை விட்டுவிட்டு, அணி அதிகபட்சம் எடுத்திருக்கக்கூடிய புள்ளிகளை வைத்து வரிசை போடுவார்கள். அங்கே துரதிர்ஷ்டத்தால் தோற்ற பலமான அணியின் பிக் பின்னால் போய்விடும். அந்த அணியின் ஆட்களைப் பார்த்து சதவீதத்தை மாற்றுங்கள்.

சரி, பதில் என்ன எழுதுவது? "அந்தக் கடைசி இட அணியின் பிக் என்றால் இப்போதே சம்மதம். உங்கள் சொந்த பிக் என்றால் கூடவே ஒரு இரண்டாம் ரவுண்டு வேண்டும்." இப்படி அனுப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருங்கள். அவருடைய ரன்னிங் பேக் ஒருவருக்குக் காயம் பட்டால் அவரே திரும்ப வருவார்.