சிக்குன்குனியா காய்ச்சலில் உயிருக்கு உலை வைக்கும் தவறுகள்

சிக்குன்குனியா ஆளை முடக்கிப்போடுமே தவிர உயிரைப் பறிக்காது என்ற நம்பிக்கைதான் இந்நோயில் நேரும் முதல் தவறு. பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் இந்தியாவில் ஏறத்தாழ 14 லட்சம் பேருக்கு இக்காய்ச்சல் வந்திருக்கலாம் எனக் கணக்கிடப்பட்ட 2006ஆம் ஆண்டில், இதனால் நேர்ந்த மரணம் ஒன்றுகூட அரசுக் கணக்கில் ஏறவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை அகமதாபாத் நகரில் நிகழ்ந்த இறப்புகளை, முந்தைய நான்கு ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்ட ஆய்வாளர்களோ ஏறத்தாழ 2,900 இறப்புகள் கூடுதலாக நேர்ந்திருப்பதைக் கண்டார்கள். அத்தனைக்கும் இந்த வைரஸே காரணம் என்று சொல்லிவிட முடியாது. எனினும் 2005–06இல் சுமார் 2,66,000 பேர் பாதிக்கப்பட்ட, இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவில், 250க்கும் மேற்பட்ட இறப்புச் சான்றிதழ்களில் சிக்குன்குனியா குறிப்பிடப்பட்டிருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், அலட்சியத்துக்கு இடமில்லை என்பது விளங்கும்.

இறப்பவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஏற்கெனவே இருந்தவர்கள். அவர்களுடைய நிலை மோசமாவது பல நேரங்களில் வீட்டில் இருப்பவர்களின் கண்ணுக்கே தெரிவதில்லை. முழங்காலும் கணுக்காலும் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டும் எழ முடியாத பாட்டி, இரவில் கழிப்பறைக்குப் போக யாரையாவது எழுப்ப வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார். வாய்க்கசப்பால் சாப்பாடும் இறங்குவதில்லை. ஆனால் சர்க்கரை மாத்திரையும் அழுத்த மாத்திரையும் வழக்கமான அளவிலேயே தொடர்கின்றன. சர்க்கரை திடீரெனத் தாழ்வதற்கும், நீர்வற்றிச் சிறுநீரகம் பழுதடைவதற்கும் இது போதும். பின்னர் அவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, நாள் முழுக்க உறங்கினாலோ, வயதானவர்கள் அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது; அது மூளை பாதிக்கப்பட்டதன் அறிகுறியாகவும் இருக்கலாம். சிறுநீர் குறைதல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, வலிப்பு, கைகால் தளர்ச்சி ஆகியவற்றில் எது தெரிந்தாலும், காய்ச்சல் விட்டிருந்தாலும்கூட, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

வலி தாங்காமல் மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைத் தாமாகவே வாங்கிப் போடுவது அடுத்த பெருந்தவறு. சிக்குன்குனியாவைப் பரப்பும் ஏடிஸ் கொசுதான் டெங்குவையும் பரப்புகிறது; இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வருவதும் உண்டு. டெங்கு இல்லை என்று உறுதியாகும் முன் இம்மாத்திரைகளை உட்கொண்டால் இரத்தக்கசிவு நேரலாம்; நீர்வற்றிய உடலில் அவை சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒரே ஊசியில் எழுந்து நடக்கலாம் என்று போடப்படும் ஸ்டீராய்டு, நீரிழிவு உள்ளவரின் சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றிவிடும். முதல் நாட்களில் மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமாலும், ஓய்வும், போதிய நீராகாரமுமே பொருத்தமானவை. இதயநோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். நிலவேம்புக் குடிநீரைக் கொடுத்துவிட்டோம் என்று மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடவும் கூடாது.

பரிசோதனையிலும் ஏமாறுகிறோம். வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் இரத்தச் சோதனை, காய்ச்சல் தொடங்கி ஐந்து நாட்கள் ஆவதற்கு முன் செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். முதல் வாரத்தில் ஆர்டிபிசிஆர் சோதனையே வைரஸை நேரடியாகக் காட்டும்.

அந்த முதல் வாரத்தில்தான் நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் மிகுந்திருக்கிறது. இந்தக் கொசு பகலில் கடிப்பது என்பதால், இரவில் மட்டும் வலை கட்டுவது பயன்தராது. நோயாளி பகலிலும் வலைக்குள் இருந்தால்தான், அவரைக் கடித்த கொசு அதே வீட்டிலுள்ள கர்ப்பிணியைக் கடிப்பதைத் தவிர்க்க முடியும்.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியே சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரசவ நேரத்தில் தாயின் இரத்தத்தில் வைரஸ் இருந்தால், ஏறத்தாழ இரண்டில் ஒரு குழந்தைக்குத் தொற்று ஏற்படுவது ரீயூனியன் தீவில் அறியப்பட்டது. அறுவைப் பிரசவமும் அதைத் தடுக்கவில்லை. பிறக்கும்போது அக்குழந்தை நலமாகவே தோன்றும். மூன்று நாள் முதல் ஒரு வாரத்துக்குள் காய்ச்சலும், பால் குடிக்க மறுப்பதும், தோல் நிறமாற்றமும், வலிப்பும் தலைகாட்டக்கூடும். ஆகவே பிரசவத்தையொட்டிக் காய்ச்சல் வந்த தாய், குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று அவசரமாக வீடு திரும்பாமல், ஒரு வாரமாவது மருத்துவரின் கண்காணிப்பில் குழந்தையை வைத்திருக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.