ட்ரேசர் சோதனையைக் கொண்டு நிலத்தடி நீர் மாதிரியை அளவுதிருத்தும் முறை

கிணறுகளில் அளந்த நீர்மட்டமும் கணினி மாதிரி காட்டும் நீர்மட்டமும் ஒத்துவந்துவிட்டால் அளவுதிருத்தம் (மாதிரியின் எண்களை அளவீடுகளோடு பொருந்தும்படி சரிசெய்வது) முடிந்துவிட்டதாகக் கருதுவது பெரும் பிழை. நீர்கடத்துதிறனையும் (மண் எவ்வளவு எளிதாக நீரைக் கடத்துகிறது என்பது) மழைநீர் ஊறும் அளவையும் ஒருசேர இரட்டிப்பாக்கினால், இறைப்பு இல்லாத எளிய மாதிரியில் நீர்மட்டம் அப்படியே இருக்கும். நீரின் வேகமோ இரு மடங்காகும். மாசு எப்போது குடிநீர்க் கிணற்றை எட்டும் என்று கேட்கும் ஊருக்கு இந்த வேறுபாடுதான் எல்லாம். அந்த வேகத்தை நேரடியாகக் காட்டுவது ட்ரேசர், அதாவது நீரில் கலந்து பின்தொடரும் அடையாளப் பொருள்.

செய்முறைக்குக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள போர்டன் மணற்படுகையை எடுத்துக்கொள்வோம். ஸ்டான்ஃபோர்டு, வாட்டர்லூ பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 1982 ஆகஸ்டில் அங்கே 12 கனமீட்டர் நீரில் குளோரைடு, புரோமைடு, ஐந்து கரிமச் சேர்மங்கள் ஆகியவற்றைக் கலந்து நிலத்தடியில் செலுத்தி, அது இயல்பான ஓட்டத்தோடு நகர்வதை ஏறத்தாழ 5000 சாம்பிள் புள்ளிகளின் வழியே பின்தொடர்ந்தார்கள்.

ட்ரேசரை இடுவதற்கு முன்பே வேகத்தைக் கையால் கணக்கிட்டு எழுதி வையுங்கள். போர்டனில் நீர்கடத்துதிறன் நாளுக்குச் சுமார் 6 மீட்டர், நீர்மட்டச் சரிவு சுமார் 0.0043, நுண்துளைமை (மண்ணின் கன அளவில் துளைகளின் பங்கு) 0.33. முதல் இரண்டையும் பெருக்கி மூன்றாவதால் வகுத்தால் நாளுக்கு 8 செ.மீ. வருகிறது, ட்ரேசரின் மையம் உண்மையில் நகர்ந்தது சுமார் 9 செ.மீ. இவ்வளவு நெருக்கம் சீரான மணலில்தான் கிட்டும். இயற்கையாகவே நீரில் உள்ள குளோரைடு, புரோமைடின் அளவையும் முன்கூட்டியே அளந்து, பின்னர் கிடைக்கும் செறிவிலிருந்து கழித்துவிட வேண்டும்.

சாம்பிள் முடிவுகள் வந்ததும், இட்ட உப்பில் எவ்வளவு கணக்கில் வருகிறது என்பதை முதலில் பாருங்கள். பாதி காணாமல் போயிருந்தால், சாம்பிள் புள்ளிகளுக்கு இடையே நழுவியதா, அடர்த்தி மிகுந்து கீழே அமிழ்ந்ததா என்று தேடாமல் மேற்கொண்டு நகரக் கூடாது. கணக்கு சரியாக இருந்தால், நீர்மட்டத்தையும் ட்ரேசர் மையத்தின் நகர்வையும் சேர்த்து வைத்து நீர்கடத்துதிறனையும் பயனுறு நுண்துளைமையையும் (நீர் உண்மையில் ஓடும் துளைகளின் பங்கு) திருத்துங்கள். அதன் பிறகே பரவலைப் பார்த்துச் சிதறல் நீளத்தையும் (ஓட்டத்தில் ட்ரேசர் எவ்வளவு பரவுகிறது என்பதைக் குறிக்கும் எண்), கடைசியாகக் கரிமச் சேர்மங்கள் பின்தங்குவதைப் பார்த்து மண்ணில் ஒட்டும் தன்மையையும் தொட வேண்டும். வரிசை மாறினால், வேகத்தில் உள்ள பிழையைச் சிதறல் விழுங்கிக்கொள்ளும். வரைபடம் அழகாகப் பொருந்தும், மாதிரி மட்டும் தவறாகவே இருக்கும்.

மாதிரி நிலத்தைப் பிரிக்கும் கட்டத்தின் அளவிலும் கவனம் தேவை. போர்டனில் ஓட்டத் திசையில் சிதறல் நீளம் சுமார் 0.36 மீட்டர். கட்டம் அதன் இரு மடங்கைத் தாண்டாதிருப்பது நல்லது. 5 மீட்டர் கட்டம் போட்டால் நீங்கள் காணும் பரவல் மணலுடையதாக இராது, கணக்கீட்டு முறை தானே உண்டாக்கியதாக இருக்கும்.

எல்லா நிலமும் இப்படி இணங்காது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கொலம்பஸ் விமானத்தளத்தில் நடந்த சோதனைகளில், ட்ரேசரின் பெரும்பகுதி இட்ட இடத்தருகே தங்கிவிட, மெல்லிய வால் ஒன்று வெகுதூரம் ஓடியது. ஒற்றைச் சிதறல் எண் அதற்குப் பொருந்தவில்லை. ஓடும் நீர், தேங்கிய நீர் என்று இரண்டாகப் பிரித்த மாதிரிகள் அதை மேலாக விளக்கின.

தரவு முழுவதையும் திருத்தத்துக்கே செலவிட்டுவிடாதீர்கள். முதல் பாதி நாட்களைக் கொண்டு திருத்தி, எண்களைப் பூட்டிவிட்டு, பிந்தைய நாட்களின் செறிவை மாதிரி முன்கூட்டியே சொல்கிறதா என்று சோதியுங்கள்.