புகாரே வராத ரோடு நல்ல ரோடா?

கோவை உக்கடம் பெரியகுளக் கரையில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சைக்கிள் தடம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்ட அருமையான இடம். ஆனால் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சைக்கிள் மிதிப்பவர்கள் படும் பாடு வேறு ரோடுகளில். அந்த ரோடுகளின் தரத்தை ஜனங்கள் அனுப்பும் புகாரை வைத்தே கணிக்கலாம், வெறுமனே எண்ணிக்கையைப் பார்த்தால் மட்டும் ஏமாந்துபோவீர்கள்.

"ரோடு மோசம்" என்று வாட்ஸ்அப்பில் வருவதால் பிரயோசனம் இல்லை. போட்டோ, லொகேஷன், தேதி, நேரம், என்ன கோளாறு, இவ்வளவும் கேட்டு வாங்குங்கள். நேரம் எதற்கு என்றால், எங்கள் பக்கம் ஒரு சாக்கடை மூடியின் கம்பிகள் ரோடு போகிற திசையிலேயே நீளமாக இருக்கும். பகலில் ஒதுங்கிப் போய்விடலாம், ராத்திரி ஷிப்ட் விட்டு வரும்போது முன்சக்கரம் நேராக உள்ளே இறங்கும். பகல் போட்டோவில் அது சாதாரண மூடி.

ஒரே பள்ளத்துக்குப் பத்துப் பேர் எழுதியிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, எத்தனை பேர் என்று பக்கத்தில் குறியுங்கள். அப்புறம் கிலோமீட்டருக்கு எத்தனை கோளாறு என்று வகுங்கள். 6 கிலோமீட்டரில் 12, 1 கிலோமீட்டரில் 5 என்றால் இரண்டாவதுதான் மோசம்.

சரி, எழுதுகிறவர் யார்? பெரும்பாலும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு விடிகாலையில் கியர் சைக்கிளில் கிளம்புகிறவர். திருப்பூரில் பனியன் கம்பெனி விட்டு வரும் அக்காவோ, அரசு கொடுத்த சைக்கிளில் போகும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையோ எழுத மாட்டார்கள். நாம்தான் கம்பெனி வாசலுக்கும் பள்ளிக்கூட சைக்கிள் ஸ்டாண்டுக்கும் போய்க் கேட்க வேண்டும். பங்க்சர் கடையை விட்டுவிடாதீர்கள். "ஏனுங்ணா, எந்த ரோட்டுல வர்றவங்களுக்கு டியூப் அதிகமா போகுது?" என்று ஒரு டீயோடு கேட்டால் நமக்கு வந்த புகாரையெல்லாம் விட நன்றாகச் சொல்வார்.

ஜெர்மனியில் ஏ.டி.எஃப்.சி. என்ற சைக்கிள் சங்கம், ஓட்டுகிறவர்களிடமே கேள்வித்தாள் கொடுத்து ஊருக்கு மார்க் போடச் சொல்கிறது. அவர்கள் பள்ளிக்கூட வழக்கப்படி 1 நல்லது, 6 மோசம். நமக்கு ஒரு கேள்வி போதும்: "உங்க பொண்ணை இந்த ரோட்டுல தனியா சைக்கிள்ல அனுப்புவீங்களா?"

புகாரே வராத ரோட்டில் அரைமணி நேரம் நின்று சைக்கிள்களை எண்ணுங்கள். ஒன்றுகூட வரவில்லை என்றால் பயந்து வேறு வழியில் போகிறார்களோ என்று விசாரியுங்கள். கடைசியாக, 'சரிசெய்யப்பட்டது' என்று மூடிய புகார்களில் சிலதை நீங்களே மிதித்துப் போய்ப் பாருங்கள். நான் போய்ப் பார்த்த ஒரு பள்ளத்தில் ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். முன்பாவது சுற்றிப் போகலாம், இப்போது ரோடு முழுக்க ஜல்லி.