பெருநாடிச் சுவர் கிழிவை எக்கோவில் தேடுவது எப்படி?

வெள்ளவத்தையிலிருந்து நள்ளிரவில் அழைத்துவரப்படும் நோயாளி ஒருவர், "முதுகுக்குள்ள ஆரோ கிழிக்கிற மாதிரி இருக்கு, டொக்டர்" என்று சொன்னால், அதை வெறும் உவமையென்று எண்ணிவிடாதீர்கள். இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெருங்குழாயான பெருநாடியின் உட்படை கிழிந்து, இரத்தம் சுவரின் அடுக்குகளுக்கிடையே புகுந்து பொய்யான இன்னொரு வழியைத் திறந்துகொள்வதே இந்நோய். கொழும்பில் பயிற்சியைத் தொடங்கும் இளம் வைத்தியர்கள் கட்டிலருகே, ஒலியலையால் இதயத்தைப் படமாகக் காட்டும் எக்கோவைக் கொண்டு இதைத் தேடும் முறையை இங்கு விளக்குகிறேன்.

முதலில் இரு கைகளிலும் இரத்த அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள், 20 மி.மீ. பாதரசத்துக்கு மேற்பட்ட வேறுபாடு சந்தேகத்தை வலுப்படுத்தும்.

அடுத்து, ஒலியலையை அனுப்பும் கைக்கருவியான புரோப்பை மார்பெலும்பின் இடது ஓரத்தில், மூன்றாவது அல்லது நான்காவது விலா இடைவெளியில் வைத்து, அதன் குறியை நோயாளியின் வலது தோளை நோக்கித் திருப்புங்கள். இடது இதயவறையும் பெருநாடி வால்வும் பெருநாடியின் அடிப்பகுதியும் ஒரே காட்சியில் தெரியும். அடிப்பகுதியின் அகலம் 4 செ.மீ.ஐத் தாண்டினால் எச்சரிக்கையாகுங்கள். பின்னர் ஒரு விலா இடைவெளி மேலே ஏறினால் ஏறுபெருநாடி இன்னும் சற்றுத் தெரியும். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த அசைவைத்தான். இடது சோணையறைக்குப் பின்னால் வட்டமாகத் தெரியும் இறங்குபெருநாடியையும் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் தேடுவது குழாய்க்குள் அசையும் மெல்லிய கோடு, அதாவது கிழிந்த உட்படையின் மடல். ஆனால் பெருநாடிக்குள் தெரியும் கோடெல்லாம் மடலன்று. ஒலியலை இரு பரப்புகளுக்கிடையே மீண்டும் மீண்டும் தெறிப்பதாலும் அத்தகைய பொய்க்கோடு தோன்றும். ஒரு கோட்டின் வழியான அசைவை நேரத்தோடு வரைந்துகாட்டும் எம்-மோட்டில் பார்த்தால், பொய்க்கோடு தன்னைத் தோற்றுவித்த சுவரின் அசைவையே பின்பற்றும். மடலோ தன்போக்கில் படபடக்கும். இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் நிற டொப்ளரைப் போட்டால், பொய்க்கோட்டை நிறம் தடையின்றிக் கடந்து செல்லும். உண்மையான மடல் இருபுறத்து ஓட்டங்களையும் பிரித்துக் காட்டும். ஒரே காட்சியில் கண்டதை வேறொரு காட்சியிலும் காணும்வரை எவரிடமும் உறுதியாகச் சொல்லாதீர்கள்.

வால்வின் வழியே இரத்தம் பின்னோக்கிக் கசிகிறதா, இதயத்தைச் சூழ்ந்து திரவம் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மார்பெலும்பின் மேற்குழியிலிருந்து பெருநாடி வில்லையும், வயிற்றின் மேற்பகுதியிலிருந்து வயிற்றுப் பெருநாடியையும் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஈ.சீ.ஜீ. மாரடைப்பைப் போலக் காட்டினாலும், கிழிவு, இதயத்தசைக்கு இரத்தமளிக்கும் முடியுரு நாடியின் வாயை அடைத்திருக்கக்கூடும் என்பதால், இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றுமுன் மூத்த வைத்தியரை அழையுங்கள்.

மார்பின் மேலிருந்து பார்க்கும் எக்கோவில் மடல் தென்படாவிட்டாலும் சந்தேகம் இருந்தால், சாயமேற்றி இரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சீ.ரீ. அஞ்சியோகிராமுக்கு ஒழுங்கு செய்யவேண்டும். நோயாளியை நகர்த்த முடியாதபோது உணவுக்குழாய்வழி எக்கோ உதவும். ஏறுபெருநாடியில் கிழிவு உறுதியானால் அவசர சத்திரசிகிச்சைதான் வழி. ஆகவே தொலைபேசியில் அறிவிக்கும்போது "கிழிவு இல்லை" என்று சொல்லாமல், "கிழிவு தென்படவில்லை, அடிப்பகுதி இத்தனை செ.மீ., சீ.ரீ.க்கு அனுப்புகிறேன்" என்று சொல்லுங்கள்.