இடது கைக்காரன், வலது கை டிரம்ஸ் செட்

மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் ஜாம் ரூமில் (பேண்டுகள் பயிற்சி செய்யும் அறை) டிரம்ஸ் எப்பவும் வலது கைக்காரருக்குத்தான் அடுக்கியிருக்கும். இடது கை டிரம்மர் ஃபில் காலின்ஸ் மாதிரி முழு செட்டையும் திருப்பிப் போடலாம்தான், ஆனால் திருப்பி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும், பேண்டில் மற்றவர்கள் முறைப்பார்கள்.

வழக்கமாக, இடப்புறம் இருக்கும் ஹை-ஹேட்டை (காலால் திறந்து மூடும் ஜோடி சிம்பல்) வலது கையால் அடிப்பார்கள், அது ஸ்னேரை (நேர் முன்னால் இருக்கும் டிரம்) அடிக்கும் இடது கைக்கு மேலே குறுக்கே போகும். நான் கண்ட வழி, டிரம்மர்கள் பில்லி காபம், சைமன் பிலிப்ஸ் இருவரும் வாசிக்கிற மாதிரி கைகளைக் குறுக்கே போடாமல் இடது கையை ஹை-ஹேட்டுக்கும் வலது கையை ஸ்னேருக்கும் விட்டுவிடுவது. கை குறுக்கே வராததால் ஹை-ஹேட்டை நன்றாகவே இறக்கிவைக்கலாம். ரைடு சிம்பலையும் (தாளம் ஓட்டும் பெரிய சிம்பல்) அதன் பக்கத்தில், இடப்புறமாக மாட்டிவிடுவேன். கிக் பெடல் (பெரிய டிரம்மை அடிக்கும் மிதி) வலது காலுக்கே, அதில் கை வைக்கவில்லை.

வலது கை ஸ்னேர் அடி முதலில் சவசவ என்றுதான் இருந்தது. மெட்ரோனோமை (தாள வேகம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, நாலு தட்டில் 2-க்கும் 4-க்கும் மட்டும் அந்தக் கையால் அடித்து, சத்தம் ஒரே அளவில் வரும்வரை வேகத்தைக் கூட்டாமல் இருந்ததில்தான் சரியானது (செம போர், வேறு வழியில்லை).

உண்மையான தலைவலி ஃபில்களில் (fill, தாளத்துக்கு நடுவே டிரம்களில் உருட்டும் சிறு வாசிப்பு). ஸ்னேரிலிருந்து டாம்களுக்கு (வரிசையாக இருக்கும் மற்ற டிரம்கள்) இடமிருந்து வலமாகப் போகும்போது இடது கை முன்னே போனால் இரண்டு கையும் முட்டிக்கொள்ளும். அதற்கு ஸ்னேரில் இடது, வலது, இடது, இடது என்று முடித்தால் அடுத்த டாமுக்கு வலது கை தானாக முதலில் போய்விடுகிறது. பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரும் வலது கை செட்டில் வாசிக்கிற இடது கைக்காரர்தான், அவருடைய ஃபில்கள் தனி ரகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.