ஒருவருக்கு மட்டும் சமைக்கிறீர்களா? வாரச் சமையலிலும் கிரில் சிக்கனிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாலு பேருக்குச் சமைத்துப் பழகிய கை, ஒருவருக்கு என்று வரும்போது தடுமாறத்தான் செய்யும். சமையல் குறிப்புகளும் பெரும்பாலும் நாலு பேர் கணக்கில்தான் எழுதப்படுகின்றன. காய்கறி, கறி, ரொட்டி எல்லாம் குடும்ப அளவில்தான் கட்டி விற்கிறார்கள். அதனால் தனியாக இருப்பவர் ஒன்று நிறையச் சமைத்துவிட்டு அதையே நாள் கணக்கில் சாப்பிடுவார். இல்லாவிட்டால் சலித்துப்போய் வெளியில் வாங்கிச் சாப்பிடுவார். அதற்குள் ஃப்ரிட்ஜில் இருக்கும் அரை முட்டைகோஸ் ஓரம் கறுத்திருக்கும்.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, எதையும் முழுச் சாப்பாடாகச் சமைத்து முடிக்காமல் ஒரு படி முன்னாலேயே நிறுத்திக்கொள்வது. உப்பும் மிளகும் மட்டும் போட்டு வேகவைத்த சிக்கன், வெந்த பயறு, வதக்கி வைத்த வெங்காயம் என்று பாதியில் நிற்கிற பொருள்கள் கையில் இருந்தால், பத்து நிமிடத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ருசிக்குக் கொண்டுபோகலாம். திங்கட்கிழமை எலுமிச்சையும் பூண்டும், செவ்வாய்க்கிழமை தக்காளியும் காரமும். மாறாக ஞாயிற்றுக்கிழமையே ஒரு பெரிய பாத்திரம் நிறையக் குழம்பு வைத்துவிட்டால், அதை வேறொன்றாக மாற்ற வழியே இல்லை. மூன்றாம் நாள் அதைப் பார்த்தாலே பசி போய்விடும்.

ஞாயிறு சமைத்து வெள்ளி வரை ஓட்டுவது

வாரச் சமையலில் மிகப் பரவலான தவறு இது. சமைத்த சிக்கன் ஃப்ரிட்ஜில் 3 முதல் 4 நாள் வரைதான் தாங்கும். அதுவும் ஃப்ரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழேயோ இருந்தால். ஞாயிறு மாலை சமைத்தது புதன் வரை கவலையில்லை, வியாழனோடு கெடு முடிகிறது. ஆக, வெள்ளிக்கிழமைக்கான பங்கு ஞாயிற்றுக்கிழமையே ஃப்ரீசருக்குப் போயிருக்க வேண்டும். பலர் புதன் இரவு டப்பாவைத் திறந்து பார்த்து, "இன்னும் மிச்சம் இருக்கிறதே" என்று அப்போதுதான் ஃப்ரீசரில் தள்ளுவார்கள். ஃப்ரீசர் கெட்டுப்போவதை நிறுத்தி வைக்குமே தவிர, ஏற்கெனவே கழிந்துபோன மூன்று நாளைத் திருப்பித் தராது. உருகிய பிறகு விட்ட இடத்திலிருந்துதான் கணக்கு ஓடும்.

பச்சை சிக்கனுக்கு இன்னும் குறைந்த நேரம்தான்: ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு நாள். ஒரு கிலோ வாங்கினால், வந்த உடனே ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்துவிடுங்கள். பையைத் தட்டையாக அழுத்தி, இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குள் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். தட்டையான பொட்டலம் சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகும். முந்தின இரவே எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு தட்டின் மேல் வைத்தால் மறுநாள் தயார். மறந்துவிட்டீர்களா? பையைத் திறக்காமல் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். உருகியதும் உடனே சமைத்துவிட வேண்டும். சமையல் மேடையில் காலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய், மாலையில் வந்து சமைப்பது மட்டும் கூடவே கூடாது. நடுப்பகுதி உருகுவதற்குள் வெளிப்பக்கம் பல மணி நேரம் கிருமி பெருகும் சூட்டில் கிடக்கும்.

பொட்டலத்தின் மேல் தேதி எழுதுங்கள். எழுதாவிட்டால் ஒரு மாதம் கழித்து எது எப்போது வைத்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சமைத்ததை ஆறவைப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் மளமளவென்று பெருகும். சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். அறையே 32 டிகிரிக்கு மேல் கொதிக்கிறதென்றால் ஒரு மணி நேரம்தான். ஆழமான பாத்திரத்தில் அப்படியே விட்டால் நடுவில் உள்ள சூடு லேசில் இறங்காது. அகலமான, ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து ஊற்றினால் விரைவில் ஆறும். "ஒரு ஆளுக்கு எதற்கு இத்தனை டப்பா" என்று தோன்றும். ஆனால் ஒரு ஆளுக்குத்தான் சின்ன டப்பாக்கள் நிறைய வேண்டும்.

என்னைக் கேட்டால், ஒரே நாளில் நாலு மணி நேரம் நிற்பதைவிட வாரத்தில் இரண்டு தடவை, ஞாயிறும் புதனும், முக்கால் மணி நேரம் நிற்பது மேல். காய்கறியையும் அப்படியே பிரித்துக்கொள்ளலாம். கீரையும் வெள்ளரிக்காயும் வாரத்தின் முதல் பாதிக்கு, கேரட்டும் முட்டைகோஸும் இரண்டாம் பாதிக்கு. ரொட்டியை வாங்கிய அன்றே துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டால் வேண்டும்போது ஒன்றிரண்டை எடுத்து நேராகச் சுடலாம்.

குறிப்பை நாலால் வகுத்துவிட்டால் போதும் என்று நினைப்பது

உப்பு, காரம், காய் எல்லாம் வகுபடும். தண்ணீரும் நேரமும் வகுபடாது. ஆவியாகிப் போகும் தண்ணீரின் அளவு, பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம், எவ்வளவு நேரம் கொதிக்கிறது என்பதைப் பொறுத்தது. உள்ளே இருக்கும் அரிசியின் அளவைப் பொறுத்தது அல்ல. அதனால் இரண்டு கப் அரிசிக்கு வைத்த தண்ணீரை நாலில் ஒன்றாக்கி அரை கப்புக்கு வைத்தால் அடிபிடிக்கும், மேலே அரைவேக்காடாக நிற்கும். ஒருவருக்கு வைக்கும்போது விகிதத்தில் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். பாத்திரமும் சிறியதாக இருக்க வேண்டும். பெரிய வாணலியில் ஒரு கைப்பிடி வெங்காயம் போட்டால் அது வதங்குவதற்குள் ஓரத்து எண்ணெய் புகைய ஆரம்பித்துவிடும்.

முட்டையை எப்படிப் பாதியாக்குவது என்று கேட்பவர்கள் உண்டு. அடித்துக் கலக்கிவிட்டுப் பாதியை ஊற்றுங்கள். ஓடு நீங்கலாகப் பெரிய முட்டை சுமார் 50 கிராம் இருக்கும்.

கிரில் சிக்கன்: தவறு நடக்கும் இடங்கள்

தனி ஆளுக்குக் கிரில் சிக்கன் மாதிரி வசதியான சமையல் குறைவு. அடுப்பின் மேல் வைக்கிற வரிவரியான கிரில் பான் போதும், கனமான இரும்புத் தவா இருந்தாலும் சரிதான். இருந்தும் பாதி வீடுகளில் அது வெளியே கருகி, உள்ளே சக்கையாகத்தான் வருகிறது. எங்கே தவறுகிறது என்று பார்க்க, 200 கிராம் நெஞ்சுக்கறித் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

முதலில், அதைக் குழாயடியில் கழுவாதீர்கள். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். கழுவினால் கிருமி போவதில்லை. தெறிக்கும் தண்ணீரோடு சிங்க், பக்கத்தில் இருக்கும் தட்டு, உங்கள் சட்டை எல்லாவற்றுக்கும் பரவுகிறது. பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர் போன்ற கிருமிகள் இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றைக் கொல்வது அடுப்புச் சூடுதான். மேலே பிசுபிசுப்பு இருந்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, டிஷ்யூவைக் குப்பையில் போட்டுவிட்டு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

துண்டைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நாலு சென்டிமீட்டர் தடிமன், வால் பக்கம் ஒரு சென்டிமீட்டர். தடித்த பக்கம் வேகும்வரை காத்திருந்தால் வால் பக்கம் காய்ந்துவிடும். வால் பக்கத்தைப் பார்த்து எடுத்தால் தடித்த பக்கம் வேகாது. மசாலாவை எவ்வளவு மாற்றினாலும் இது சரியாகாது. தடித்த பகுதியைப் படுக்கைவசமாகக் கீறி இரண்டாகப் பிரியுங்கள். அல்லது ஒரு பைக்குள் போட்டுப் பூரிக்கட்டையால் மெல்லத் தட்டி, எல்லாப் பக்கமும் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். சிக்கன் காய்ந்துபோகிறது என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்.

அடுத்தது உப்பு. கறியின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது 200 கிராமுக்கு 2 கிராம். தூள் உப்பு என்றால் டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு. இதை ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தடவுங்கள்; முந்தின இரவே தடவி ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் நல்லது. உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும், அப்புறம் அந்த நீர் உப்போடு திரும்ப உள்ளே போகும். அப்படி ஊறிய கறி வேகும்போது நீரை அவ்வளவாக விடாது. நேரம் இல்லையென்றால் வாட்டுவதற்குச் சற்று முன் தடவுங்கள். பதினைந்து, இருபது நிமிடம் முன்னால் தடவுவதுதான் இரண்டும் கெட்டான்: இழுத்த நீர் அப்படியே மேலே நிற்கும், கறி சிவக்காது.

எலுமிச்சைச் சாற்றில் இரவு முழுக்க ஊறவைப்பது இன்னொரு பழக்கம். புளிப்பு மேல்பரப்பின் புரதத்தை இறுக்கி, மாவு மாதிரி ஆக்கிவிடும். அரை மணி, ஒரு மணி போதும். தயிருக்கு அந்த வேகம் இல்லை. ஒரு ராத்திரி தாங்கும். தேன், சர்க்கரை கலந்த பூச்சுகளைக் கடைசி இரண்டு நிமிடத்தில் தடவுங்கள், இல்லையென்றால் கறி வேகுமுன்பே அவை கருகிவிடும். ஊறவைத்த கலவை மிச்சம் இருந்தால் அது பச்சைக் கறி கிடந்த சாறு என்பதை மறக்க வேண்டாம். வெந்த கறிமேல் அப்படியே ஊற்றக்கூடாது. தனியாக வேண்டுமானால் கறியைப் போடும் முன்பே இரண்டு ஸ்பூன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்டும் முன் மேல்பரப்பை மறுபடி ஒற்றி உலர்த்துங்கள். ஈரம் இருக்கும்வரை மேல்பரப்புச் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் அந்த மணமும் வருவதற்கு 140 டிகிரியாவது வேண்டும். பானை மூன்று நாலு நிமிடம் நடுத்தரத்துக்குச் சற்று மேலான தீயில் காயவிடுங்கள். எண்ணெயைப் பானில் ஊற்றாமல் கறியில் தடவுங்கள், புகை குறையும். துண்டை வைத்ததும் 'சுர்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் எடுத்துவிட்டு இன்னும் காயவிடுங்கள்.

அப்புறம் சும்மா இருப்பதுதான் வேலை, அதுதான் பலருக்கு முடிவதில்லை. இடுக்கியை வைத்துத் தூக்கிப் பார்ப்பது, கரண்டியால் அழுத்துவது, அரை நிமிடத்துக்கு ஒருமுறை நகர்த்துவது என்று கை துறுதுறுக்கும். அழுத்தினால் சாறு போகும். நாலு நிமிடம் தொடாமல் விடுங்கள். அடிப்பக்கம் சிவந்ததும் தானாகவே பானை விட்டு வரும். பிடித்துக்கொண்டு வர மறுத்தால் இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். திருப்பிப் போட்டு மறுபக்கம் மூன்று நாலு நிமிடம். வாரத்துக்கும் சேர்த்து நாலைந்து துண்டு வாட்டுகிறீர்கள் என்றால் இரண்டு ஈடாகப் போடுங்கள். நெருக்கி அடுக்கினால் வாடாது, ஆவியில் அவியும்.

வெந்துவிட்டதா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெள்ளையாகத் தெரியும் கறி உள்ளே போதிய சூடு ஏறாமல் இருக்கலாம். எலும்போரம் இளஞ்சிவப்பாகத் தெரியும் கறி நன்றாகவே வெந்திருக்கலாம். ஊசி மாதிரி குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தனி ஆள் சமையலறைக்கு நான் சிபாரிசு செய்கிற ஒரே கருவி அதுதான். தடித்த இடத்தின் நடுவில், எலும்பைத் தொடாமல் குத்தி, 74 டிகிரி காட்டியதும் இறக்குங்கள். நெஞ்சுக்கறியை 80-க்கு மேல் விட்டால் நார் நாராகிவிடும். தொடைக்கறி நேர்மாறு, அதில் இணைப்புத் திசு அதிகம் என்பதால் 80, 85 டிகிரி வரை போனால்தான் மெத்தென்று இருக்கும். கொஞ்சம் கவனம் தவறினாலும் தொடைக்கறி மன்னிக்கும். புதிதாகப் பழகுபவர்கள் அதில் தொடங்கலாம்.

இறக்கியதைப் பச்சைக் கறி வைத்திருந்த தட்டில் வைக்காதீர்கள். ஒருவருக்குத்தானே, எதற்கு இரண்டு தட்டு கழுவ வேண்டும் என்ற சோம்பல்தான் இங்கே எதிரி. ஐந்து நிமிடம் கழித்து வெட்டுங்கள். அன்றைக்குச் சாப்பிடுவதை மட்டும் வெட்டி, மற்றதை முழுத் துண்டாகவே வையுங்கள். நறுக்கி வைத்தது சீக்கிரம் உலரும்.

கரி அடுப்பில் வாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கரியை வீட்டுக்குள்ளோ மூடிய பால்கனியிலோ பற்றவைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் நம்ப முடியாது.

மறுநாள்

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சிக்கனை மைக்ரோவேவில் சூடாக்கினால் ஒரு பழைய வாடை வரும். கறியில் இருக்கும் கொழுப்பு காற்றோடு சேர்ந்து மாறுவதால் வருவது அது, கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. எலுமிச்சை, பூண்டு, மிளகாய் எதையாவது புதிதாகச் சேர்த்தால் தெரியாது. சரியாக வைத்திருந்த சிக்கனை மெல்லியதாக நறுக்கி, சூடாக்காமலே காய்கறிக் கலவையில் போட்டுச் சாப்பிடுவது இன்னும் நல்லது. சூடாக்குவதென்றால் ஆவி பறக்க, அதே 74 டிகிரிக்கு. ஒருமுறை சூடாக்கியதை மறுபடி ஃப்ரிட்ஜுக்குத் திருப்பாதீர்கள்; சாப்பிடும் அளவை மட்டும் வெளியே எடுங்கள்.

சிக்கனுக்குப் பயப்படுகிறவர்கள் சோற்றுக்குப் பயப்படுவதில்லை. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியில் சாவதில்லை. சோறு வெளியே மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சில் ஒரு வகை மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வாடையிலும் தெரியாது. வடித்த சோற்றைத் தட்டில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆறியதும் ஒரு வேளை அளவில் பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்ததும் உருகவிடாமல், ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடிபோட்டு மைக்ரோவேவில் வைத்தால் அன்று வடித்தது போலவே பொலபொலவென்று வரும்.